பொட்டலில் கிடக்கும் கல்வட்டங்கள்

சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவில் ராஜகோபுரத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. மருது சகோதரர்கள் அதைக் கட்டியபோது மானாமதுரையில் செங்கல் சுட்டார்கள். அங்கிருந்து கோவில் வாசல் வரை பதினெட்டு மைலுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றியே கல்லைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பார்கள். ஒரு மீட்டருக்கு ஒருவர் என்று வைத்தாலும் 29,000 பேர் வேண்டும். கணக்கு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 150 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்தைப் பூதம் கட்டியது, தேவர்கள் ஒரே இரவில் கட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கட்டியவை மனிதக் கைகள்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வட்டாரத்துப் பொட்டல்களில் வட்டவட்டமாகப் பதிந்து கிடக்கும் கற்களைக் காட்டிக் கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடம் என்பார்கள். முழங்கால் உயரக் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று தமிழகத்தின் பல மலையூர்களில் சொல்வது போல இங்கும் சொல்வார் உண்டு. மண்ணுக்குள் பெரிய தாழி தென்பட்டால் அதற்கென்று தனிக் கதை இருக்கிறது: அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே கிடையாதாம், வயதாக ஆகக் கிழவர்கள் சுருங்கிக் குழந்தை அளவுக்கு வந்துவிடுவார்களாம், பார்த்துக்கொள்ள முடியாதபோது சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். மதமதக்கத் தாழி என்று தென்மாவட்டங்களில் பாட்டிமார் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கதையாக இது அருமை. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதுதான் இதில் சுவையே. தாழிக்குள் இருப்பவர்கள் எல்லாரும் தொண்டு கிழவர்களா என்று எலும்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். இதே சிவகங்கை மாவட்டத்தில், கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2020-இல் ஓர் ஈமக்காட்டைத் தோண்டத் தொடங்கியது. தாழிகள் வரிசையாக வெளிவந்தன. குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் வந்தன. இறந்தவரை முதலில் வேறெங்கோ வைத்து, சதை போனபின் எலும்பை மட்டும் பொறுக்கித் தாழியில் இடும் வழக்கமும் தமிழகத்தின் பல இடங்களில் தெரிகிறது. பாட்டி கதை அங்கேயே முடிந்துபோனது.

படித்தவர்கள் சொன்ன கதைகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. மலபாரில் இத்தகைய கல்லறைகளைத் திறந்து பார்த்த பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823-இல் அதைப் பற்றி எழுதினார். இந்தியப் பெருங்கற்கால ஆய்வின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். அடுத்து வந்த மெடோஸ் டெய்லர், கர்நாடகத்து ஷோராப்பூர்ப் பகுதியில் கல்வட்டங்களை ஒழுங்காகத் தோண்டி, அடுக்கு அடுக்காகப் படம் வரைந்தார். அந்தக் காலத்துக்கு அது மிக நேர்த்தியான வேலை. ஆனால் முடிவு சொல்லும் இடத்தில் தடம் மாறிவிட்டார். தம் நாட்டுக் கல்வட்டங்கள் நினைவுக்கு வந்துவிட, இவை கெல்டியர்களுடையவை, துருயிதுப் பூசாரிகளுடையவை, இல்லாவிட்டால் சித்தியர்களுடையவை என்று எழுதினார். பிறகு எகிப்திலிருந்து வந்தார்கள், காகசஸ் மலையிலிருந்து வந்தார்கள், கடல்வழியே மேற்கிலிருந்து இறங்கினார்கள் என்று ஆளுக்கொரு கப்பலைக் கிளப்பினார்கள். 1968-இல் எரிக் ஃபான் டேனிகன் ஒரு புத்தகம் எழுதினார். அதன்பின் விண்வெளியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாண்டவர், குள்ளர், துருயிது, வேற்றுக்கிரகவாசி என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கை: இந்த ஊர்க்காரர்களுக்கு இது முடிந்திருக்காது.

முடிந்திருக்குமா என்பதைக் கல்லிடமே கேட்கலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வட்டங்கள் பெரும்பாலும் செம்புராங்கல்லால் ஆனவை. துளைதுளையாக, துரு நிறத்தில், தொட்டால் கையில் செம்மண் ஒட்டும் கல். வெப்பமும் மழையும் மாறிமாறித் தாக்கிப் பாறை சிதைந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி உருவானது. புக்கானன் என்ற ஆய்வாளர் மலபாரின் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துத்தான் 1807-இல் புவியியலுக்கு லேட்டரைட் என்ற பெயரைக் கொடுத்தார். இந்தக் கல்லுக்கு ஒரு விசித்திர குணம் இருக்கிறது. மண்ணுக்குள் ஈரத்தோடு இருக்கும்போது கோடாலியால் வெட்டலாம். வெளியே எடுத்து வெயிலில் போட்டால் ஈரம் போய், இரும்புச் சேர்மங்கள் இறுகி, ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும். வெட்டும்போது மண், வைத்தபின் பாறை. கையில் ஓர் இரும்பு வெட்டுக்கருவி இருந்தால் போதும். ராட்சத பலம் தேவையில்லை.

வட்டம் ஏன் என்பதற்கும் மந்திரம் தேடவேண்டாம். நடுவில் குழி, குழியில் தாழியோ கற்பலகையால் செய்த பெட்டியோ, அதன்மேல் மண்ணும் சிறுகற்களும் குவித்த மேடு. மழை பெய்தால் மேடு கரைந்து பரவும். அதைப் பிடித்து நிறுத்தச் சுற்றிலும் பெரிய கற்களைப் பதித்தார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் மழைக்காலத்தில் மேடு கரைந்தே போய்விட்டது. கரை கட்டிய கற்கள் மட்டும் நாலைந்து மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை குறுக்களவில் வட்டமாக நிற்கின்றன. நாம் காண்பது கட்டடத்தின் மிச்சம். வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு விண்மீன் வரைபடம் என்று சொல்வது, சுவர் விழுந்தபின் அஸ்திவாரத்தைப் பார்த்து வீட்டைப் பற்றிப் பேசுவதுதான்.

விண்மீன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் பைசே, நிலாஸ்கல் போன்ற இடங்களில் நெடுங்கற்களின் வரிசை, கதிர் திரும்பும் நாள்களின் சூரிய உதயத்தையும் மறைவையும் குறி வைப்பதாக ஸ்ரீகுமார் மேனன், மயங்க் வாஹியா போன்றவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அது மதிக்கத்தக்க வேலை. ஆனால் அதைத் தமிழகத்துக் கல்வட்டம் ஒவ்வொன்றுக்கும் நீட்டக்கூடாது. இருபது கல் வட்டமாக நின்றால் எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒரு கோடு. ஏதோ ஒரு கோடு ஏதோ ஒரு நாளின் உதயத்தைத் தொடத்தான் செய்யும்.

எனக்கு இந்தக் கட்டுமானங்களில் மிகவும் பிடித்த இடம் கற்பதுக்கையின் மூலை. மண்ணுக்குள் நாலு கற்பலகையை நிறுத்தி ஒரு பெட்டி செய்யவேண்டும். சுண்ணாம்பு கிடையாது, ஆணி கிடையாது, பற்றவைக்க எதுவும் இல்லை. வெளியிலிருந்து மண் நாலு பக்கமும் உள்ளே தள்ளும். பலகைகளை முனைக்கு முனை பொருத்தினால் முதல் மழையிலேயே ஒன்று உள்ளே சாய்ந்துவிடும். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுழற்சியாக வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகா வடிவம் தெரியும். இப்போது வடக்குப் பலகை உள்ளே சாய முயன்றால் கிழக்குப் பலகையின் விளிம்பு தாங்கும்; கிழக்குப் பலகையைத் தெற்கு தாங்கும்; தெற்கை மேற்கு தாங்கும்; மேற்கை வடக்கு. தள்ளும் மண்ணே பூட்டாகிவிடுகிறது. மண் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுகும். 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது இந்த அமைப்பைத் தெளிவாகப் பதிவு செய்தார். பாட்டன் பூட்டன் காலமாகப் பலகை சாய்ந்து விழுவதைப் பார்த்துப் பார்த்துத் திருத்திய கொத்தர்களின் புத்தி இது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால் முதல் தடவையிலேயே சிமென்ட் கொண்டுவந்திருப்பார்கள்.

சரி, மூடுகல்லின் எடை? இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், கால் மீட்டர் கனமுள்ள கருங்கல் பலகை என்று வைத்துக்கொள்வோம். சுமார் இரண்டு டன். தூக்கத்தான் முடியாது, இழுக்க முடியும். மரச்சறுக்கில் ஏற்றி, தரையில் கட்டைகளைக் குறுக்கே போட்டு இழுத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு விசை போதும், ஏறக்குறைய 700 கிலோ. ஓர் ஆள் தொடர்ந்து 25 கிலோ இழுப்பார் என்றால் முப்பது பேருக்குள் வேலை முடிந்தது. நம் ஊரில் தேருக்கு வடம் பிடிக்கிற கூட்டத்தில் இது ஒரு மூலைக்குக் காணாது. அதிலும் கற்பதுக்கை பூமிக்குள் இருப்பதால் மூடுகல்லை உயரே ஏற்றவே வேண்டாம். தரைமட்டத்தில் இழுத்து வந்து பெட்டியின்மேல் தள்ளினால் உட்கார்ந்துகொள்ளும். தரைக்கு மேலே நிற்கும் கற்திட்டைக்குத்தான் மண்சரிவு கட்டி ஏற்றவேண்டும். பலகையைப் பாறையிலிருந்து பிரித்தெடுப்பதற்கும் வழி உண்டு. பாறைமேல் விறகை அடுக்கி எரித்தால் சூடேறிய மேல்தட்டு தோல் உரிவது போலப் பிரியும்; ஆப்பு வைத்து நெம்பினால் பலகை கையில்.

இதெல்லாம் கற்பனைக் கணக்கு என்று நினைப்பவர்களுக்குக் கண்முன் சாட்சி இருக்கிறது. இந்தோனேசியாவின் சும்பா தீவில் பெருங்கல் கல்லறை கட்டும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து கொடியும் மரச்சறுக்கும் கொண்டு கல்லை இழுக்கும் படங்கள் உள்ளன. மேகாலயத்தின் காசி, ஜைந்தியா மக்கள் குலத்தார் எலும்பைச் சேர்த்துவைக்கும் கல்லறைகளையும் நினைவுக்கற்களையும் அண்மை நூற்றாண்டுகள் வரை எழுப்பினார்கள். நார்தியாங்கில் உள்ள பெரிய கல் எட்டு மீட்டர் உயரம். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் கிடக்கும் பலிபீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தது என்று 2024-இல் கனிமங்களை ஒப்பிட்டுச் சொன்னார்கள். கொரியாவில் மட்டும் பல்லாயிரம் கற்திட்டைகள் உள்ளன.

இத்தனை இடத்தில் ஒரே மாதிரி இருக்கிறதே, எல்லாரும் ஒரே கூட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவையும் தமிழ்நாட்டையும் இப்படியே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். காலத்தைப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்: ஐரோப்பாவின் பெரும்பாலான பெருங்கல் கல்லறைகள் கி.மு. 4500-க்கும் 2500-க்கும் இடையில், இரும்பு அறியாத உழவர்கள் கட்டியவை. நம்முடையவற்றில் கல்லறை திறந்தாலே இரும்பு வாளும் ஈட்டிமுனையும் வருகின்றன. பலகைக் கல்லைக் கொண்டு பெட்டி செய்ய நாலு சுவரும் ஒரு மூடியும் வேண்டும். அதை ஒருவரிடமிருந்து ஒருவர் படித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரும்பு என்றதும் காளையார்கோவில் தானாக வந்து நிற்கிறது. சங்க காலத்தில் இந்த ஊர் கானப்பேர். ஆழ்ந்த அகழியும் உயர்ந்த மதிலும் அடர்ந்த காவற்காடும் கொண்ட அதன் கோட்டையை வேங்கைமார்பன் ஆண்டான். பாண்டியன் உக்கிரப்பெருவழுதி அதை வென்றான். புறநானூற்றில் ஐயூர் மூலங்கிழார் இதைப் பாடும்போது, கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு குடித்துவிட்ட நீரைக்கூட மீட்டுவிடலாம், இழந்த கானப்பேரை மீட்க முடியாது என்ற பொருளில் ஓர் உவமை வைக்கிறார். பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கியெடுத்துக் கெட்டிப்படுத்தும் பட்டறை வேலையை அருகிலிருந்து பார்த்தவருக்குத்தான் அந்த உவமை வாய்க்கும். ஊருக்குப் பக்கத்தில் மக்கள் பாண்டியன் கோட்டை என்று அழைக்கும் மேடும் அகழியின் தடமும் இன்றும் உண்டு. கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அந்தப் பானைகளைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பது பொதுவான விளக்கம். உள்பக்கம் காற்றுப் படாமல் கரிபிடித்துக் கருப்பாகவும், வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவப்பாகவும் வரும். கல்வட்டத்துக்குள் கிடைப்பதும் இதே வகைப் பானைதான்.

புதிர் உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது என்பேன். கல்லை எப்படி நகர்த்தினார்கள் என்பது தீர்ந்த விஷயம். யாருக்காக நகர்த்தினார்கள்? ஓர் ஈமக்காட்டில் சில நூறு கல்வட்டங்கள் இருந்தாலும், அவை புழக்கத்திலிருந்த சில நூற்றாண்டுகளுக்கு அவற்றைப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தேறினாலே அதிகம். அப்படியானால் இறந்தவர் எல்லாருக்கும் கல் கிடைக்கவில்லை. மணிமேகலை பிணத்தை எரிப்பது, போட்டுவிடுவது, குழியில் புதைப்பது, கல்லறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகளைச் சொல்கிறது; ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் இவ்வளவும் நடந்திருக்கின்றன. எவருக்கு எது என்பதைச் சாதி தீர்மானித்ததா, செல்வமா, செத்த விதமா? வழிப்பறிக்காரர் அம்பு பட்டு இறந்தவர்மேல் கல்லைக் குவித்த பதுக்கைகளைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியைப் பெரிதாகச் செய் என்று கேட்கிற பாடல் ஒன்றும் புறநானூற்றில் உண்டு. அந்தத் தாழியின் மேல் கல்வட்டம் இருந்ததா என்று பாடல் சொல்லவில்லை, மண்வெட்டிதான் சொல்லவேண்டும்.

இன்னொரு புதிர், இவர்களின் ஊர் எங்கே என்பது. ஈமக்காடுகள் ஆயிரக்கணக்கில், குடியிருப்புகள் கைவிட்டு எண்ணும்படி. காரணம் பெரிய மர்மமில்லை. வீடு மண்ணும் ஓலையும். நல்ல தண்ணீரும் மேடும் உள்ள இடத்தை யாரும் விடமாட்டார்கள். அவர்கள் ஊர்மேல் நம் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சாகுபடிக்கு உதவாத பொட்டலை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள், அதனால் அது மட்டும் தப்பியது. கீழடியும் கொந்தகையும் முக்கியமானவை என்பது இதனால்தான்: வாழ்ந்த இடமும் புதைத்த இடமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அகப்பட்டிருக்கின்றன.

காலக்கணிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள், ஏனென்றால் இதில்தான் இப்போது சூடு அதிகம். கல்லுக்கு வயது பார்த்துப் பயனில்லை. பாறையின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று வரும். கல்லுக்கு அடியில் சிக்கிய கரி, நெல், எலும்பு ஆகியவற்றில் மிச்சமுள்ள கார்பன்-14-ஐ அளக்கிறார்கள். அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பானை ஓட்டில் வேறு முறை: கடைசியாகச் சூடோ வெளிச்சமோ பட்டது எப்போது என்பதை அதன் படிகங்களில் சேர்ந்த கதிரியக்க ஆற்றலைக் கொண்டு கணக்கிடுவார்கள். வீலர் காலத்தில் தென்னிந்தியக் கல்லறைகளுக்குக் கி.மு. 200 அளவில்தான் தொடக்கம் வைத்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை, அதே சிவகளை இரும்பைக் கி.மு. நான்காம் ஆயிரத்துக்குக் கொண்டுபோனது. மிகப் பழைய கணக்கு கி.மு. 3345. பெருமைப்படலாம், ஆனால் அளந்தது இரும்பை அல்ல, அதனோடு கிடந்த கரியையும் ஓட்டையும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பழைய மரத்தின் கரி பிற்காலக் குழிக்குள் விழுவதும் உண்டு. வெவ்வேறு ஆய்வகங்களில் சோதித்தது நல்லது. வெவ்வேறு ஊர்களிலும் இதே காலம் வரும்போதுதான் வாதம் முடியும். அதற்குக் கலையாத குழிகள் வேண்டும்.

குழிகள்தான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கிராவல் மண்ணுக்காகச் செம்மண் மேட்டைச் சுரண்டும் இடத்திலும், வீட்டுமனைக்குப் பொட்டலைச் சமப்படுத்தும் இடத்திலும் ஜேசிபியின் முதல் வாளியில் வருவது கல்வட்டம்தான். 1876-இல் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய யாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார் என்று நாம் இன்றும் குறைபட்டுக்கொள்கிறோம். அங்கே அவை அருங்காட்சியகத்துக்குப் போயின. இங்கே லாரியில் போவது எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் ஊர்ப் பொட்டலிலோ கண்மாய்க் கரையிலோ தாழியின் வாய் தெரிந்தால், வட்டமாகக் கல் கிடந்தால், பானையை வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். அதற்குள் இருக்கும் ஒரு பிடிக் கரிதான் அதன் வயது. பக்கத்தில் ஓர் அளவுகோலையோ செருப்பையோ வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் எது அகப்பட்டாலும், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது.